பேக்கப் எடுத்துத் தருகிறோம் என்பவர்களுக்குப் பணம் கட்டும் முன்

பொது ஃபைல் சர்வரின் பேக்கப் பொறுப்பை வெளி நிறுவனத்திடம் விட்டிருப்பவர்கள் இதைப் படித்துவிடுங்கள். நெக்ஸ்ட்கிளவுட் (சொந்த சர்வரில் ஃபைல்களைச் சேமித்துப் பகிர உதவும் மென்பொருள்) சர்வரை நிறுவி, பராமரித்து, தினமும் பேக்கப் எடுப்பதாகச் சொல்லி எங்களிடம் ஆண்டுக் கட்டணம் வாங்கிய நிறுவனம், தேவைப்பட்ட நேரத்தில் கையை விரித்துவிட்டது. பெயர் சொல்லவில்லை. இதே பாணியில் தொழில் நடத்துகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

“பேக்கப் வெற்றிகரமாக முடிந்தது” என்று காலைதோறும் மின்னஞ்சல் தவறாமல் வரும். அவர்களே செய்த மென்பொருள் மேம்படுத்தலில் டேட்டாபேஸ் பாழானது. முந்தைய இரவின் பேக்கப்பிலிருந்து மீட்டுக் கொடுங்கள் என்றோம். பலமுறை அழைத்த பிறகு பதில் வந்தது: “பேக்கப் எடுப்பது மட்டும்தான் ஒப்பந்தத்தில் இருக்கிறது சார். ரீஸ்டோருக்குத் தனிக் கட்டணம்.” வேறு வழியின்றி அதையும் கட்டினோம். கட்டிய பிறகுதான், மீட்க எதுவுமே இல்லை என்று சொன்னார்கள்.

பேக்கப் ஃபோல்டரை நாங்களே திறந்து பார்த்தோம். தேதிவாரியாக டேட்டாபேஸ் ஃபைல்கள், வரிசை பிசகாமல். ஒவ்வொன்றின் அளவும் 20 பைட்! ஒன்றுமில்லாததை ஜிஸிப் என்ற சுருக்கும் கருவி கொண்டு சுருக்கினால் கிடைக்கும் அளவு அது. கடிதம் வைக்காமல் ஒட்டிய உறை. டேட்டாபேஸ் கடவுச்சொல்லை அவர்களே எப்போதோ மாற்றிவிட்டு, ஸ்கிரிப்டில் பழையதையே விட்டிருக்கிறார்கள். டேட்டாபேஸைப் பிரதி எடுக்கும் மைஎஸ்க்யூஎல் டம்ப் கட்டளை உள்ளே நுழைய முடியாமல் ஒவ்வோர் இரவும் தோற்றிருக்கிறது. ஆனால் அதற்கு அடுத்து நிற்கும் ஜிஸிப் வெறுமையைச் சுருக்கிவிட்டு வெற்றி என்று சொல்லியிருக்கிறது. ஒன்றின் வெளியீடு அடுத்ததற்குப் போகும்படி பைப்பில் கோத்த கட்டளைகளில் கடைசியானது சொல்வதைத்தான், அவற்றை இயக்கும் ஷெல் நம்பும். கோத்ததில் எது தோற்றாலும் தோல்வி என்று சொல்லும் ‘பைப்ஃபெயில்’ அமைப்பை இயக்கி, பிழை வந்தால் நிற்கச் சொல்லியிருந்தால் முதல் இரவே குட்டு வெளிப்பட்டிருக்கும். ஃபைலின் அளவை ஒருவர் பார்த்திருந்தாலும் போதும்.

ஃபைல்கள் தனியே டிஸ்க்கில் இருந்ததால் தப்பின. யார் எதை யாருடன் பகிர்ந்தார்கள், எந்த இணைப்பு எங்கே போனது, குறிச்சொற்கள், கருத்துகள் எல்லாம் டேட்டாபேஸில் இருந்தவை. அவை போயே போயின. சர்வரின் அமைப்பு ஃபைலைப் பிரதி எடுக்க வேண்டும் என்பதே அவர்களுக்குத் தோன்றவில்லை.

விலைப்புள்ளியில் “3-2-1 முறை” என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். மூன்று பிரதிகள், இரண்டு வகை ஊடகங்கள், ஒன்று வேறு இடத்தில் என்பது அதன் பொருள். நடந்தது என்ன? அதே சர்வரில், அதே டிஸ்க்கின் இன்னொரு பகுதிக்கு ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் கருவி, அதுவும் மூலத்தில் இல்லாததை நகலிலும் அழிக்கும் ‘டிலீட்’ தெரிவோடு. இங்கே ஒருவர் தவறுதலாக அழித்த ஃபைல் அன்று இரவே அங்கேயும் அழிந்துவிடும். பழைய பதிப்பு எதுவும் மிஞ்சாது. இதற்குப் பேக்கப் என்று ரசீது போட எப்படித்தான் மனம் வந்ததோ!

பெரிய நிறுவனங்களுக்கும் இப்படி நேர்ந்திருக்கிறது. 2017 ஜனவரி 31 அன்று, மென்பொருள் நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளத்தை நடத்தும் கிட்லேப் நிறுவனத்தில் முதன்மை டேட்டாபேஸ் தவறுதலாக அழிக்கப்பட்டது. போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருளின் 9.6 பதிப்பு ஓடிய இடத்தில் பேக்கப் கருவி 9.2 பதிப்பாக இருந்ததால் அதன் வழியே பிரதி எதுவும் உருவாகவே இல்லை. தோல்வியைச் சொல்லும் மின்னஞ்சல்களும், அனுப்புநர் உண்மையானவரா என்று பார்க்கும் டிமார்க் சோதனையில் நிராகரிக்கப்பட்டு யாரையும் எட்டவில்லை. சுமார் 6 மணி நேரத் தரவு போயிற்று. ஆனால் அவர்கள் நடந்ததை ஒளிக்காமல் வெளியிட்டார்கள். எங்கள் ஆட்களோ, பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, “தினமும் அறிக்கை அனுப்பினோமே, நீங்கள் ஆட்சேபிக்கவில்லையே” என்று எழுதினார்கள்.

புதிய ஒப்பந்தத்தில் ரீஸ்டோரையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். வெற்றுக் கணினி ஒன்றில், உங்கள் கண் முன்னால், பேக்கப்பிலிருந்து சர்வரை எழுப்பிக் காட்ட வேண்டும். பகிர்வுகளும் அனுமதிகளும் பழையபடி இருக்கின்றனவா என்று நீங்களே உள்நுழைந்து பாருங்கள். பாதிக் கட்டணத்தை அதுவரை நிறுத்தி வையுங்கள். ஸ்கிரிப்ட், கடவுச்சொற்கள், குறியாக்கச் சாவி எல்லாவற்றின் பிரதியும் உங்களிடம் இருக்கட்டும். இதைச் சொன்னதும் ஒரு விற்பனையாளர், “அதெல்லாம் தேவைப்படாது சார், எங்கள் மென்பொருள் தானாகவே சரிபார்த்துக்கொள்ளும்” என்றார். அவருக்கு வேலையைக் கொடுக்கவில்லை.