அந்தப் புதர் வரைக்கும்

அகதிச் சிறுவர்களைப் பற்றிய நாவல் என்றாலே எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும். எங்கள் பள்ளி நூலகத்துக்கு வருகிற இந்த வகைப் புத்தகங்களில் பாதி, படிக்கிற பிள்ளையை உச்சுக் கொட்ட வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். லிண்டா சூ பார்க் எழுதி 2010-இல் வெளிவந்த ‘எ லாங் வாக் டு வாட்டர்’ அந்த ரகமில்லை. அதில் சல்வா என்ற சிறுவன் நடந்துகொண்டே இருக்கிறான். பரிதாபப்பட நமக்கு நேரம் கிடைப்பதில்லை.

1985, தெற்குச் சூடான். பதினொரு வயதுச் சல்வா வகுப்பில் இருக்கும்போது வெளியே துப்பாக்கிச் சத்தம். வீட்டுக்கு ஓடாதீர்கள், காட்டுக்குள் ஓடுங்கள் என்கிறார் ஆசிரியர். அந்த ஓட்டம் எத்தியோப்பிய முகாமில் நிற்கிறது. 1991-இல் அங்கிருந்தும் விரட்டப்பட்டு, கென்யாவை நோக்கி மறுபடியும் நடை. சல்வா டட் என்பவரின் உண்மை வாழ்க்கையைத் தழுவிய கதை இது.

அகோபோ பாலைவனத்தைக் கடக்கும் பகுதிக்காகவே இதை வாங்கலாம். கால் நகம் பெயர்ந்து அழுகிறவனைச் சித்தப்பா ஜுவியர் முழுப்பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். அதோ அந்தப் புதர் வரைக்கும் நட, போதும். புதர் வந்ததும் அடுத்து ஒரு பாறையைக் காட்டுகிறார். தேறுதல் வார்த்தை ஒன்றுகூடச் சொல்வதில்லை.

அதே மணலில் தாகத்தால் விழுந்து கிடக்கும் மனிதர்களை இந்தக் கூட்டம் பார்க்கிறது. சில பெண்கள் தங்கள் தண்ணீரைக் கொடுக்கிறார்கள்; கொடுக்கப் போன சல்வாவையோ சித்தப்பா தடுத்துவிடுகிறார். ஏழாம் வகுப்பில் இதை வாசித்தபோது, தடுத்ததுதான் சரி என்றான் ஒரு பையன். பக்கத்து வரிசைப் பெண் எழுந்து நின்று சண்டை பிடித்தாள். மணி அடித்தும் அடங்கவில்லை. நூலாசிரியையோ புத்தகத்தில் யார் பக்கமும் பேசாமல் நகர்ந்துவிடுகிறார், கெட்டிக்காரி.

குறை இல்லாமல் இல்லை. ஒவ்வோர் அத்தியாயத்தின் தொடக்கத்திலும் குளத்துக்குத் தண்ணீர் எடுக்கப் போகிற நுவேர் இனச் சிறுமி நியாவின் கதை வருகிறது, 2008-இல் தொடங்கி. சல்வா டிங்கா இனம். இரண்டு இனங்களுக்கும் பகை. இந்த முடிச்சு கடைசிப் பக்கத்தில் அவிழ்வது அழகு என்றாலும், நியா மனதில் என்ன ஓடுகிறது என்று கடைசிவரை தெரியவில்லை. குடம்தான் நன்றாகத் தெரிகிறது. சல்வாவின் அமெரிக்க வருடங்களும் அவசரமாகப் புரண்டு போகின்றன.

ஆங்கிலம் எளியது, புத்தகம் ஒல்லியானது. தமிழ்வழியில் படிக்கும் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள்கூட முடித்துவிட்டுத் திருப்பித் தருகிறார்கள். ஆறாம் வகுப்புக்குக் கீழே நான் கொடுப்பதில்லை. நண்பன் மரியாலைச் சிங்கம் கொண்டுபோவது ஓரிரு வரிகளோடு முடிகிறது. எத்தியோப்பியாவின் கிலோ ஆற்றில் முதலைகளும் சிப்பாய்களின் குண்டுகளும் வரும் இடம் அப்படியில்லை. அந்த அத்தியாயத்தைப் பெரியவர்கள் முதலில் ஒருமுறை படித்துவிட்டுக் கொடுங்கள்.