யோக்யகர்த்தாவின் அங்கிரிங்கான்: தனியாகப் போகிறவர் தயங்காமல் உட்காரக்கூடிய தள்ளுவண்டிக் கடை

உணவகத்துக்குத் தனியாகப் போனால் நாலு பேர் மேசையில் ஒற்றை ஆளாக உட்கார வேண்டியிருக்கும். இந்தோனேசியாவின் ஜாவாத் தீவிலுள்ள யோக்யகர்த்தாவில் அந்தச் சங்கடம் வேண்டாம். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் தெருமுனைகளில் ஒரு மரத் தள்ளுவண்டி, சுற்றிலும் பெஞ்சு, மேலே தார்ப்பாய் என்று அங்கிரிங்கான் கடைகள் முளைத்துவிடும். பெச்சா ரிக்‌ஷா ஓட்டுகிறவர், கல்லூரி மாணவர், பைக் டாக்சிக்காரர் எல்லோருக்கும் அதே பெஞ்சுதான். ஒரு டீயை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்தாலும் யாரும் எழுப்பமாட்டார்கள். ஊரின் அன்றாடத்தைப் பார்க்க இதைவிட நல்ல இடம் அந்த ஊரில் இல்லை.

வண்டியின் ஓரத்தில் கரி அடுப்பு, அதன்மேல் வரிசையாக மூன்று கெட்டில். ஒன்றில் வெந்நீர், ஒன்றில் கெட்டியான டீ டிக்காக்‌ஷன், மூன்றாவதில் இஞ்சித் தண்ணீர். எந்தப் பானம் கேட்டாலும் இந்த மூன்றிலிருந்துதான் கலந்து தருவார். டீ என்று மட்டும் சொன்னால் நல்ல இனிப்பாகத்தான் வரும். சர்க்கரை வேண்டாமென்றால் ‘தே தாவார்’ என்று கேட்க வேண்டும். இஞ்சிப் பானமான வெடாங் ஜாஹேயைத் தவறவிடாதீர்கள். கரியில் சுட்டுத் தட்டிய இஞ்சியைப் போடும் கடையில் அதன் காரம் தொண்டை வரை இறங்கும்.

சாப்பாட்டில் முதலில் நாசி குச்சிங். ஒரு கைப்பிடிச் சோறு, மேலே சம்பல் என்னும் மிளகாய் விழுதோடு நெத்திலியோ, டெம்பே என்னும் புளிக்கவைத்த சோயாக் கட்டியோ. உள்ளே வாழை இலை, வெளியே பழைய செய்தித்தாள் என்று கட்டியிருக்கும். ஒரு பொட்டலத்தில் வயிறு நிறையாது, இரண்டு மூன்று வேண்டும். பக்கத் தட்டுகளில் கோழிக் குடல், காடை முட்டை கோத்த குச்சிகள், தென்னை வெல்லத்தில் வேகவைத்த டோஃபு, டெம்பே, எண்ணெய்ப் பலகாரங்கள். பெரும்பாலான கடைகளில் இதையெல்லாம் கடைக்காரரே சமைப்பதில்லை. அக்கம்பக்கத்து வீடுகளில் செய்து கொண்டுவந்து வைப்பார்கள்; விற்றதற்குக் காசு, மீந்ததைத் திருப்பி எடுத்துக்கொள்வார்கள். ஒரே வண்டியில் ஒரு பொட்டலத்துக்கும் இன்னொன்றுக்கும் காரம் மாறுவதற்கு இதுதான் காரணம்.

தட்டுகளில் இருப்பதெல்லாம் ஆறிப்போயிருக்கும். வேண்டியதை எடுத்து ‘பக்கார்’ (சுட்டது) என்று நீட்டினால் கரியில் வாட்டித் தருவார். ஆறிய குடலை அப்படியே கடித்துவிட்டு இந்தக் கடைகளைக் குறை சொல்கிறவர்கள் பலர் இந்த ஒரு வேலையைச் செய்வதில்லை. பில் கிடையாது. சாப்பிட்டு முடித்ததும் என்னென்ன எடுத்தோம் என்று நாம் சொல்ல, அவர் கூட்டிச் சொல்வார். அதனால் குச்சிகளையும் இலைகளையும் எறியாமல் தட்டிலேயே வைத்திருங்கள்.

துகு ரயில் நிலையத்துக்கு வடக்கே உள்ள கடைகளில் கோப்பி ஜோஸ் பெயர் பெற்றது. வடிகட்டாத இனிப்புக் காப்பியில் கனன்று எரியும் கரித்துண்டைப் போடுவார்கள்; சீறி நுரைக்கும். அடங்கியதும் கரியை எடுத்துவிட்டு, தூள் அடியில் படிந்தபிறகு குடிக்க வேண்டும். லேசான புகை மணம், அவ்வளவுதான். வயிற்றுக்கு நல்லது என்று சொல்வதை நம்பிக் குடிக்க வேண்டாம். ஒரு முறை பார்க்க வேண்டியது, தினமும் தேடிப் போக வேண்டியதல்ல.

குறைகளும் உண்டு. கண்ணாடித் தம்ளர்களை வாளித் தண்ணீரில் அலசும் கடைகள் இருக்கின்றன. வயிறு சரியில்லாதவர்கள் ஐஸ் போட்டதைத் தவிர்த்து, கொதிக்கும் பானத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். கிராம்புச் சிகரெட் புகை விடாது, பெஞ்சின் ஓரம் பார்த்து உட்காருங்கள். சைவர்களுக்குச் சிரமம்: டெம்பே பொட்டலமானாலும் சம்பலில் தெராசி என்னும் இறால் விழுது இருக்கலாம். வெல்லத்தில் வேகவைத்த டோஃபு, டெம்பே பக்கம் போவதே மேல். இரவு பத்துக்கு மேல் போனால் நல்ல பொட்டலங்கள் தீர்ந்திருக்கும்.

பணம் ரூபியாவில் சில்லறையாக வேண்டும். பொட்டலமோ டீயோ சில ஆயிரம்தான். ஒரு லட்ச ரூபியா நோட்டை நீட்டினால் சில்லறைக்கு அவர் பக்கத்துக் கடைக்கு ஓட வேண்டியிருக்கும். 2,000, 5,000, 10,000 நோட்டுகள் வைத்திருங்கள். இந்தோனேசியாவின் க்யூஆர் கட்டண முறையான கியூரிஸின் பலகை மாட்டிய கடைகளில் மலேசிய, சிங்கப்பூர் செயலிகள் சிலவற்றிலிருந்தும் செலுத்தலாம், ஆனால் சந்துக் கடைகளில் அந்தப் பலகையை எதிர்பார்க்காதீர்கள்.

கடைக்காரரை ‘பாக்’ என்றும், இளைஞரானால் ‘மாஸ்’ என்றும் கூப்பிடுங்கள். படம் எடுக்குமுன் கேளுங்கள், வலது கையால் வாங்குங்கள். ஊரின் முக்கியக் கடைத்தெருவான மாலியோபோரோவை ஒட்டிய கடைகளில் சுற்றுலாக் கூட்டமும் விலையும் அதிகம். அங்கிருந்து விலகி, குடியிருப்புச் சந்துக்குள் ஐந்தாறு பைக் நிற்கும் வண்டியாகப் பாருங்கள். சோலோ நகரில் இதே கடையை ‘ஹிக்’ என்று கேட்டால் காட்டுவார்கள்.