பாய்மரம் முறிந்த படகா, மூழ்கி எடுத்த படகா?

2022 செப்டம்பரில் இயன் புயல் அடித்த பிறகு, தென்மேற்கு ஃப்ளோரிடாவில் பழைய ஃபைபர் பாய்மரப் படகுகள் பல ஏலத்துக்கு வந்தன. அப்படி ஒன்றை எடுத்துச் சீரமைப்பதென்றால், பாய்மரம் முறிந்ததையே எடுப்பேன். பார்க்கப் பரிதாபமாக இருக்கும். ஆனால் பாய்மரமும் அதை இழுத்து நிறுத்தும் கம்பிகளும் செகண்ட் ஹேண்டில் தேடினால் கிடைக்கும். கம்பிகளைப் பிடிக்கும் தகடுகள் அசைந்திருக்கின்றனவா என்று மட்டும் பாருங்கள்.

மூழ்கி எடுத்தது வெளியே பளபளவென்று நிற்கும். ஒரு வயரின் உறையைச் சீவிப் பாருங்கள். உள்ளே செம்பு கறுத்திருந்தால் மொத்த வயரிங்கும் போச்சு. உப்புத்தண்ணீர் புகுந்த டீசல் எஞ்சினை உடனே கழுவி எண்ணெய் விடாவிட்டால் இறுகிவிடும். அப்புறம் மேல்தளம். பிளாஸ்டிக் சுத்தியலால் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். மந்தமாகக் கேட்டால் ஃபைபர் அடுக்குகளுக்கு நடுவில் உள்ள பால்சா என்ற லேசான மரம் ஊறியிருக்கலாம். அதை உரித்து மாற்றுவது மாதக்கணக்கில் இழுக்கும். பாதி விலைக்குக் கொடுத்தாலும் எனக்கு வேண்டாம்.