மண்டபம் ஊர்க் கடல் காற்றில் ஓவர்லாக் மிஷின்: வாங்கலாமா?

தொண்டியில் இருக்கும் கூட்டாளி ஒருவன் போன வாரம் போன் போட்டான். "மச்சான், நானும் வீட்டிலேயே டி-ஷர்ட் தைக்கலாம்னு இருக்கேன். நீ வச்சிருக்கிற அதே ஓவர்லாக்கை எடுக்கட்டுமா?" ஓவர்லாக் என்றால் துணியின் ஓரத்தை வெட்டி, நூல் பிரியாமல் சுற்றித் தைக்கிற மிஷின். அவன் கேட்ட நேரம் சரியில்லை. அதன் லூப்பரை (அடியில் நூலைப் பின்னுகிற கொக்கி) மாற்றிவிட்டு மெக்கானிக் அப்போதுதான் மதுரைக்கு பஸ் ஏறியிருந்தார். கோபம் பாதி இறங்கிய பிறகு இதை எழுதுகிறேன். மீதியைப் படிக்கிறவர்கள் கழித்துக்கொள்ளுங்கள்.

நான்கு நூல், இரண்டு ஊசி, பெல்ட் இல்லாமல் நேராகச் சுழற்றும் டைரக்ட் டிரைவ் மோட்டார். பிராண்டைச் சொல்லப் போவதில்லை. நான் எழுதப்போகும் குறை இந்த வகை மிஷின் எல்லாவற்றுக்கும் பொருந்தும். திருப்பூரில் ஒரு கம்பெனிக்குள் நுழைந்தால் இதே மாதிரி வரிசையாக ஓடிக்கொண்டிருக்கும். என்னிடம் ஒன்றுதான். ஆர்டரும் அப்படித்தான், முப்பது பீஸ், நாற்பது பீஸ். வாலிபால் டீம், கல்யாண வீட்டு மாப்பிள்ளைத் தோழர்கள், வளைகுடாவிலிருந்து லீவில் வந்த கீழக்கரைப் பையன்கள். கடையில் கிடைக்காத துணியும் தையலும் வேண்டும் என்பவர்கள்தான் என்னிடம் வருகிறார்கள்.

தையலில் இதைக் குறை சொல்ல முடியாது. பனியன் துணி இழுத்த பக்கமெல்லாம் போகும். சாதாரணத் தையல் மிஷினில் தோளை இணைத்தால் தைத்து முடிக்கும்போதே ஓரம் அலை அலையாக நிற்கும். இதில் துணியைத் தள்ளும் பற்கள் முன்னால் ஒரு செட், பின்னால் ஒரு செட். முன்னால் இருப்பதைக் கொஞ்சம் வேகமாக ஓட விட்டால் துணி இழுபடாமல் உள்ளே போகும். டிஃபரன்ஷியல் லீவரை ஒரு கோடு ஏற்றி இறக்கினாலே போதும், 180 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 180 கிராம்) சிங்கிள் ஜெர்சி பனியன் துணி பலகையில் ஒட்டியதுபோல் படுத்துக்கொள்ளும். அதில் லைக்ரா (இழுபடும் நூல்) கலந்த ரிப் துணிக் காலரை, கழுத்துச் சுற்றளவில் ஏறக்குறைய 85 சதவீத நீளத்துக்கு வெட்டி, நான்கு இடத்தில் குறி வைத்து ஏற்றிவிட்டால், எத்தனை துவைத்தாலும் தொங்காது. பின்கழுத்துக்கு ஒரு டேப், தோளுக்கு ஒரு டேப். என்னிடம் முதலில் வாங்கியவர்கள் இன்னும் அதே டி-ஷர்ட்டைப் போட்டுக்கொண்டு வந்து புது ஆர்டர் கொடுக்கிறார்கள். வியாபாரத்துக்கு இது நல்லதா என்று என் மனைவி கேட்கிறாள், அது வேறு விஷயம்.

துணியைச் சொல்லாமல் மிஷினுக்கு மட்டும் பெருமை கொடுப்பது நியாயமில்லை. கோம்ப்டு நூல் (சீவிச் சுத்தம் செய்தது), பயோவாஷ் (என்சைமில் அலசிப் பிசிறு நீக்கியது), காம்பாக்டிங் (பிறகு சுருங்காமல் இருக்க முன்பே அமுக்கியது) ஆன துணியைத்தான் எடுக்கிறேன். கிலோவுக்கு நாலு பீஸ், அளவு சின்னதாக இருந்தால் ஐந்து. ரோலைப் பிரித்து ஒரு நாள் சும்மா போட்டுவிட்டுத்தான் வெட்டுவேன். இல்லையென்றால் தைத்த பிறகு சுருங்கும். சைடு தையல் முறுக்கிக்கொண்டு வயிற்றுப் பக்கம் வருவதைப் பார்த்திருப்பீர்கள். அது நூல் முறுக்கத்தின் வேலை, டைலரைத் திட்டிப் பயனில்லை. ஊசி கண்டிப்பாகப் பால் பாயிண்ட், அதாவது முனை உருண்டது. கூர் ஊசி நூலை அறுத்துவிடும், நாலு துவைப்பில் தையலோரம் பொத்தல் விழும்.

இப்போது என் எரிச்சலுக்கு வருகிறேன். துரு.

பாம்பன் பக்கத்து மண்டபத்தில் இருக்கிறவனுக்குத் துருவைப் பற்றிச் சொல்ல வேண்டுமா? வடக்கே வடகடல், தெற்கே தென்கடல். வாடை அடித்தாலும் தெற்கத்திச் சோழகம் அடித்தாலும் உப்பு வீட்டுக்குள் வந்துவிடும். காரைக்குடியில் இருக்கும் சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்), இரும்பு எப்படி அரிக்கிறது என்று பார்ப்பதற்கே இங்கே ஒரு சோதனை நிலையம் வைத்திருக்கிறது. அந்த அளவுக்கு நம் ஊர்க் காற்று பேர் போனது. 1914-இல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தின் தூக்குப் பகுதி அரித்துப்போய் 2022 டிசம்பரில் ரயிலையே நிறுத்தினார்கள். அப்படியிருக்க என் லூப்பர் எம்மாத்திரம்.

ஆனால் காற்றை மட்டும் குறை சொல்லி மிஷினை விட்டுவிட மாட்டேன். இந்த மிஷின் நாள் முழுக்க ஓடுவதற்காகச் செய்தது. அடியில் எண்ணெய்த் தொட்டி, உள்ளே பம்ப். ஓடினால்தான் எண்ணெய் மேலே ஏறி எல்லாப் பாகத்தையும் நனைக்கும். நிமிடத்துக்கு ஆறாயிரம் தையல் போடுகிற கம்பெனியில் அது அருமையான ஏற்பாடு. என்னிடம் ஒரு ஆர்டருக்கும் அடுத்த ஆர்டருக்கும் நடுவில் அது சும்மா நிற்கும். நின்றால் எண்ணெய் கீழே வடிந்துவிடும். காய்ந்த இரும்பில் உப்பு உட்காரும், உப்பு ஈரத்தை இழுக்கும். ஐப்பசி கார்த்திகையில் ஒரு வாரம் போதும், ஊசித் தட்டிலும் துணியை அழுத்துகிற பிரஷர் ஃபுட்டிலும் பழுப்புப் பூ பூத்துவிடும். லூப்பர் கண்ணில் அரித்தால் நூல் பிசிறும், பிசிறினால் அறும்.

அதைக் கவனித்துத் துடைத்துவிட்டு ஓட்டினால் அடுத்த கூத்து. வடிந்த எண்ணெய் மேலே ஏறும்போது ஊசித் தண்டு வழியாக ஒரு சொட்டு கசியும். கறுப்பில் தெரியாது. கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவுக்குப் போகிற ஒரு குழு வெள்ளை கேட்டிருந்தது. ஒரு பீஸில் துரு, இன்னொன்றில் எண்ணெய். எண்ணெய் சோப்பில் போய்விடும். துருவுக்கு பிளீச் போட்டுவிடாதீர்கள், கறை இன்னும் கெட்டியாகும். எலுமிச்சையும் உப்பும் தேய்த்து வெயிலில் போட்டால் மங்கும். வெயிலுக்கு இங்கே பஞ்சமில்லை.

வாங்கும்போது விற்றவரிடம் ஊரைச் சொல்லித்தான் வாங்கினேன். "ஒண்ணும் ஆகாது சார், கவர் தர்றோம்" என்றார். அந்த பிளாஸ்டிக் கவர் இருக்கிறதே, ஈரத்தை உள்ளே பூட்டிவைத்து மிஷினை அவிக்கிறது. அதைக் கழற்றி எறிந்துவிட்டுப் பழைய வேட்டியைப் போட்டிருக்கிறேன். உள்ளே ஒரு ஜீரோ வாட் பல்பு எரிகிறது. ஆர்டர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் சாயங்காலம் கட்டிங் வேஸ்ட்டைப் போட்டுக் கொஞ்ச நேரம் ஓட்டுகிறேன். இதையெல்லாம் செய்தும் லூப்பர் போயிற்று. லூப்பர் விலையை விட மெக்கானிக் வந்து போகிற செலவு அதிகம். "அண்ணே, இது நிக்கக் கூடாது" என்று ஒவ்வொரு முறையும் அதையேதான் சொல்லிவிட்டுப் போகிறார். ஓட்டுவதற்கு ஆர்டரை யார் தருவது என்றுதான் நானும் கேட்கிறேன்.

தையலுக்குப் பத்துக்கு ஒன்பது கொடுப்பேன். சத்தம் கம்மி, வீட்டு சிங்கிள் பேஸ் கரண்டிலேயே ஓடுகிறது, கரண்ட் பில்லும் பயமுறுத்தவில்லை. இவ்வளவும் சொல்லிவிட்டு என் தீர்ப்பு: கடலோரத்தில் இருந்து சிறு ஆர்டர் மட்டும் எடுக்கிறவர்கள் இதை வாங்க வேண்டாம். பரமக்குடிப் பக்கம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். என்னுடையதை நான் விற்பேனா என்று கேட்காதீர்கள், விற்கமாட்டேன்.

அப்படியும் எடுப்பதென்றால், ஊசித் தண்டுப் பக்கம் எண்ணெய் போகாத செமி டிரை ஹெட் இருக்கிறதா என்று கேளுங்கள். விலை கூடுதல், ஆனால் வெள்ளைத் துணிக்கு அது தேவை. லூப்பர், ஊசித் தட்டு இரண்டிலும் ஒரு ஸ்பேர் செட்டை பில்லிலேயே சேர்க்கச் சொல்லுங்கள். டேபிளும் ஸ்டாண்டும் சேர்த்துத்தான் விலையா என்று முதலிலேயே பேசிவிடுங்கள். ஹெட்டுக்கு ஒரு விலை சொல்லிவிட்டு லாரியில் ஏற்றும்போது மற்றதுக்குத் தனியாகக் கேட்பார்கள்.