ஊட்டிக் கடைக்கு எந்த ஃப்ரையர்: இணையத்தில் இயங்குவதா, சாதாரணமானதா?

சுமார் 2,240 மீட்டர் உயரத்திலுள்ள ஊட்டியில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால், கோழித்துண்டின் ஈரமும் அந்த வெப்பத்திலேயே ஆவியாகி, உள்ளே வேகுமுன் மேற்புறம் கருகத் தொடங்குகிறது; ஆகவே சமவெளியில் 175 டிகிரியில் பொரிப்பதை இங்கே பத்துப் பன்னிரண்டு டிகிரி குறைத்து, சற்றுக் கூடுதல் நேரம் பொரிக்க வேண்டும்.

இணைய ஃப்ரையரில் தலைமையகம் அனுப்பும் செய்முறை எல்லாக் கிளைகளுக்கும் உடனே போய்ச் சேரும். மலைக்கிளைக்குத் தனி அளவு வைக்காவிட்டால் தவறும் அதே வேகத்தில் வந்து சேரும். சாதாரண ஃப்ரையரில் சமையல் மாஸ்டர் வெப்பக் குமிழைத் திருப்பினால் போதும், ஆனால் அவர் விடுப்பில் போனால் பக்குவமும் கூடவே போய்விடும்.

எண்ணெயின் தரத்தைக் கண்காணிப்பதைப் பொறுத்தவரை எனக்குத் தயக்கமில்லை, இணைய ஃப்ரையரே மேல். எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சும்போது அதில் சேரும் கெட்ட பொருள்களான மொத்தத் துருவச் சேர்மங்கள் 25 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்ற விதி 2018 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. எண்ணெய் உணரி பொருத்திய கருவி அதைத் தானே அளந்து பதிவுசெய்யும். சாதாரணக் கருவிக்கோ, கையளவி ஒன்றை வாங்கி, சீசன் நெரிசலுக்கிடையே யாராவது மறக்காமல் முக்கிப் பார்க்க வேண்டும்.

ஆடிக்காற்றில் மரம் சாய்ந்து இணையம் அறுந்தாலும் இணைய ஃப்ரையர் சேமித்த செய்முறையில் ஓடுமா என்று விசாரிக்காமல் மட்டும் வாங்கக் கூடாது. ஒற்றைக் கடைக்காரருக்குச் சாதாரண ஃப்ரையரும் ஒரு கையளவியுமே போதும். அதன் தெர்மோஸ்டாட்டை ஊர் மெக்கானிக்கே மாற்றிவிடுவார்.