தொடர்பியல் ஆய்வேட்டுக்கு ஜோட்டெரோ: பாம்பன் பக்கத்துக் களப்பணிக்குத் தாங்குமா?

துணைநூற்பட்டியலைத் தானே போட்டுத் தரும் மென்பொருள் என்றுதான் ஜோட்டெரோவைப் பற்றிக் கேள்விப்படுவோம். போட்டுத் தரும், சந்தேகமில்லை. ஆனால் விவரப் பெட்டிகளில் நாம் இட்டதைத்தான் அச்சடிக்கும். எதை இடக்கூடாது என்பதை அது சொல்லாது. முதுகலைத் தொடர்பியல் ஆய்வேடுகளில் சறுக்குவது பெரும்பாலும் அங்கேதான்.

2006 முதல் கிடைக்கும் இலவச மென்பொருள் இது. கணினியில் ஜோட்டெரோ, உலாவியில் இணையப் பக்கத்தின் விவரத்தைச் சேமித்துத் தரும் கனெக்டர் என இரண்டையும் நிறுவினால் வேர்டில் ஜோட்டெரோ என்று தனிப் பட்டை வரும். முதல் மேற்கோளைச் செருகும்போதே ஏபிஏ (அமெரிக்க உளவியல் சங்கத்தின் மேற்கோள் முறை) ஏழாம் பதிப்பா, துறை கேட்கும் வேறு பாணியா என்று தேர்ந்துவிடலாம். பிறகு மாற்றினாலும் முழு ஆவணமும் ஒரே சொடுக்கில் மாறிவிடும். நெறியாளர் கடைசி வாரத்தில் பாணியை மாற்றச் சொன்னாலும் கவலையில்லை.

டிஓஐ எண் (இணையத்தில் ஒரு கட்டுரைக்கான நிலையான அடையாள எண்) உள்ள ஆங்கில ஆய்விதழ்க் கட்டுரைகளுக்கு ஜோட்டெரோவைக் குறை சொல்ல முடியாது. எண்ணை ஒட்டினால் ஆசிரியர், ஆண்டு, இதழ், பக்கம் எல்லாம் வந்து நிற்கும். தமிழ்ச் செய்தித் தளங்களில் கதை வேறு. கனெக்டர் பல நேரம் செய்தியை வெறும் வலைப்பக்கமாகச் சேமிக்கும். தேதி இருக்காது, ஆசிரியர் இடத்தில் தளத்தின் பெயரோ 'அட்மின்' என்றோ இருக்கும். சேமித்த உடனேயே வகையை நாளிதழ்க் கட்டுரை என மாற்றி, தேதியைக் கையால் இட வேண்டும். அச்சு இதழ் என்றால் பதிப்புப் பெட்டியில் எந்த ஊர்ப் பதிப்பு என்றும் குறிக்கவும். இராமேசுவரம் மீனவர் செய்தி மதுரைப் பதிப்பில் வந்திருக்கும், சென்னைப் பதிப்பில் இருக்காது. வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) "எங்கே வந்தது?" என்று கேட்டால் திணற வேண்டியிருக்கும்.

பெயர்தான் பெரிய தலைவலி. குடும்பப்பெயர் ஒரு பெட்டி, சொந்தப்பெயர் ஒரு பெட்டி என்ற கணக்கு நமக்கு ஒத்துவராது. இராமேசுவரத்துக்காரரான அப்துல் கலாமையே எடுத்துக்கொள்வோம். ஒரு நூற்பட்டியலில் 'கலாம்' முதலில் வரும், இன்னொன்றில் 'அப்துல் கலாம்'. இரண்டையும் அப்படியே இறக்கினால் ஜோட்டெரோ அவரை இரண்டு ஆசிரியராக்கிவிடும். முதலெழுத்துகளுக்கு நடுவே இடைவெளி மாறியிருந்தால்கூட வேறு ஆள் என்று எண்ணி, உடல்பகுதி மேற்கோளில் முதலெழுத்துகளைச் சேர்த்துவிடும். தமிழ் நூல்களுக்குப் பெயரை ஒற்றைப் பெட்டிக்கு மாற்றி, எல்லா இடத்திலும் ஒரே வடிவில் இடுவதே வழி. இதிலும் குறை உண்டு: தலைப்பெழுத்தை முன்னால் போட்டால் அகரவரிசையும் அந்த எழுத்திலேயே போய் நிற்கும்.

களத் தரவுக்கு வருவோம். பாம்பனில் 2016 முதல் ஒலிபரப்பாகும் கடல் ஓசை 90.4 சமுதாய வானொலியின் நேயர்களைப் பற்றி ஆய்வேடு என்று வைத்துக்கொள்வோம். ஜோட்டெரோவில் 'நேர்காணல்' என்ற வகையே இருப்பதால் இருபத்தைந்து மீனவர்களின் பேட்டியையும் அதில் ஏற்றத் தோன்றும். ஏற்றக் கூடாது. ஆய்வுக்காக நாமே எடுத்த பேட்டி தரவு, சான்று நூல் அல்ல. ஏபிஏ முறையில் அது பட்டியலுக்குள் வராது. ஏற்றி மேற்கோளாகச் செருகினால் மீனவரின் பெயர், ஊர், தேதி எல்லாம் ஆய்வேட்டின் கடைசிப் பக்கத்தில் அச்சாகி நிற்கும். பெயரை மறைப்போம் என்று ஒப்புதல் படிவத்தில் எழுதிக் கொடுத்ததற்கு அர்த்தமே இல்லாமல் போகும்.

அதற்குத் தனியாக ஒரு எக்செல் தாள் போதும்: குறியீடு (பா-மீ-07 என்றால் பாம்பன், மீனவர், ஏழாமவர்), தேதி, நிமிடம், விசைப்படகா நாட்டுப்படகா, ஒப்புதல் வாங்கியாயிற்றா. தேதியை விட்டுவிடக் கூடாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுக்காரர் கரையில் இருப்பார். அப்போது சொல்லும் வானொலி கேட்கும் நேரமும் ஆகஸ்டில் சொல்வதும் ஒன்றாக இருக்காது. வானொலி நிகழ்ச்சியையும் பார்த்துத்தான் ஏற்ற வேண்டும். இணையத்தில் மீண்டும் கேட்கக் கிடைத்தால் 'வானொலி ஒலிபரப்பு' வகையில் ஏற்றலாம். கைப்பேசியில் நாமே பதிந்தது மட்டுமே இருந்தால் தேதி, நேரம், கால அளவுடன் பின்னிணைப்பில் சேர்க்கவும்.

கோட்பாட்டு இயலில் இன்னொரு பள்ளம். மக்கள் ஊடகத்தை எந்தத் தேவைக்காகப் பயன்படுத்துகிறார்கள் என்று பார்க்கும் 'பயன்பாடும் மனநிறைவும்' கோட்பாடு பற்றி காட்ஸ், பிளம்லர், குரேவிட்ச் 1973-இல் எழுதியதைப் பாடநூலில் மட்டும் படித்துவிட்டு, மூலத்தைப் படித்ததுபோல் ஜோட்டெரோவில் ஏற்றுவது. படித்த பாடநூலை மட்டும் ஏற்றுங்கள். மூலவர் பெயரை வாக்கியத்தில் எழுதி, செருகிய மேற்கோளைச் சொடுக்கினால் வரும் முன்னொட்டுப் பெட்டியில் 'மேற்கோள் எடுத்தாண்டது' என்று சேர்த்தால் சரியாகிவிடும்.

இலவசச் சேமிப்பு 300 எம்பிதான். ஸ்கேன் செய்த நாலைந்து தமிழ் நூல்களிலேயே அது நிறைந்துவிடும். அமைப்புகளில் கோப்பு ஒத்திசைவை மட்டும் நிறுத்திவிட்டால் நூல் விவரங்கள் இடக்கணக்கில் சேராமல் ஒத்திசைந்துகொண்டிருக்கும். பிடிஎஃப்கள் கணினியிலும் ஒரு பென்டிரைவிலும் இருக்கட்டும். இடம் போதவில்லை என்று ஜோட்டெரோவின் தரவுக் கோப்புறையைக் கூகுள் டிரைவுக்குள் வைத்துவிட வேண்டாம், தரவுத்தளம் கெட்டுப்போகலாம். ஸ்கேன் பக்கங்களில் வரியைத் தேர்ந்து வண்ணமிட முடியாது; பரப்பைக் கட்டம் கட்டிக் குறிக்கும் கருவி அங்கே கைகொடுக்கும்.

டிடிபி கடைக்குக் கொண்டுபோகும் முன் ஆவணத்துக்கு ஒரு நகல் எடுத்து, அந்த நகலில் மட்டும் மேற்கோள் இணைப்பைத் துண்டிக்கவும். துண்டித்த கோப்பை ஜோட்டெரோ மறுபடி அடையாளம் காணாது. ஆங்கிலத்தில் வரும் 'எட் ஆல்' போன்றவற்றை 'மற்றும் பிறர்' என மாற்றுவதும் அந்த நகலில்தான். மூலத்தில் மாற்றினால் அடுத்த புதுப்பிப்பில் பழையபடி ஆகிவிடும்.

முப்பது சான்றுகளுக்குள், அத்தனையும் தமிழ் அச்சு நூல்கள் என்றால் இந்தப் பாடு வேண்டாம், கையாலேயே தட்டச்சு செய்துவிடலாம். ஆங்கிலக் கட்டுரைகள் பாதிக்கு மேல் இருந்தால் முதல் பருவத்திலேயே நிறுவிவிடுங்கள்.