விந்தணுவின் வழியைக் காட்டும் மாடல்: 1,450 ரேண்டுக்குத் தகுமா?

தென்னாப்பிரிக்காவில், டர்பன் சாட்ஸ்வொர்த்தில் என் வீட்டு முன்னறையில் 12-ஆம் கிரேடு பிள்ளைகளுக்கு லைஃப் சயின்ஸ் டியூஷன் எடுக்கிறேன். இனப்பெருக்கப் பாடம் வந்தால் பாதிப் பேர் தலை நிமிர மாட்டார்கள். படத்தை மனப்பாடம் செய்து பரீட்சையோடு விட்டுவிடுவார்கள். அது எனக்குப் பொறுக்கவில்லை. ஆண் இடுப்பை நெடுக்காக அறுத்துக் காட்டும் பிளாஸ்டிக் மாடல் ஒன்றை ஆன்லைனில் வாங்கினேன். 1,450 ரேண்ட்.

விந்தணுவைக் கொண்டுபோகும் குழாயான விந்துநாளத்தை அருமையாகச் செய்திருக்கிறார்கள். விரைப்பையிலிருந்து மேலேறி, இடுப்பெலும்பின் முன்பக்கம் தாண்டி உள்ளே போய், சிறுநீரகத்திலிருந்து வரும் சிறுநீர்க்குழாயின் மேலாக வளைந்து, சிறுநீர்ப்பையின் பின்புறம் இறங்குவதை விரலால் தடவியே தெரிந்துகொள்ளலாம். புத்தகப் படத்தில் இந்த வளைவு புரியவே புரியாது. “ஆண்ட்டி, ஏன் இவ்வளவு சுத்திப் போகுது?” என்று ஒரு பையன் கேட்டான். கருவில் விந்தகம் சிறுநீரகத்துக்குப் பக்கத்தில்தான் உருவாகிறது. பிறகு கீழே இறங்கும்போது குழாயையும் கூடவே இழுத்து வருகிறது. உடம்புச் சூட்டைவிட 2 முதல் 4 டிகிரி குறைவாக இருந்தால்தான் விந்தணு சரியாக உற்பத்தியாகும், வெளியே தொங்குவது அதற்காகத்தான் என்று சொன்னேன். அன்றைக்கு எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டார்கள்.

ஆனால் விந்தணு முதிர்கிற இடமான எபிடிடிமிஸில் கோட்டை விட்டுவிட்டார்கள். விந்தகத்தின் பின்னால் ஒரு மேடு, அவ்வளவுதான். உண்மையில் அது ஏறக்குறைய 6 மீட்டர் நீளமுள்ள ஒரே குழாய், சுருண்டு கிடக்கிறது. அதனால் கம்பளி நூலை 6 மீட்டர் அளந்து, வாசலிலிருந்து சமையலறை வரை போய்த் திரும்பி வருகிற மாதிரி பிள்ளைகளைப் பிடிக்கச் சொன்னேன். அப்புறம் அதையே சுருட்டி, சுண்டுவிரல் அளவாக்கி மாடலின் மேல் வைத்தோம். விந்தகத்தை விட்டு வரும் அணுவுக்கு நீந்தத் தெரியாது. இந்தச் சுருளுக்குள் ஒன்றிரண்டு வாரம் இருந்துதான் அந்தத் திறனைப் பெறுகிறது. அப்போதும் அது நீந்தி வெளியேறுவதில்லை. குழாயின் தசைதான் சுருங்கிச் சுருங்கித் தள்ளுகிறது. அணு முழு வழியும் நீந்தியே வருகிறது என்று பிள்ளைகள் நினைத்திருந்தார்கள்.

இன்னொரு குறை. விந்துப்பை என்கிற, சிறுநீர்ப்பைக்குப் பின்னால் இருக்கும் சுரப்பியின் குழாயும் விந்துநாளமும் சேர்ந்து, சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் புரோஸ்டேட் சுரப்பிக்குள் புகுந்து, சிறுநீர்வழியில் திறக்கும் இடத்தில் வெறும் மஞ்சள் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். மூன்றும் சந்திக்கிற இடம் இல்லையென்றால் என்ன மாடல்? விந்து திரவத்தில் பெரும்பகுதி விந்துப்பையிலிருந்து வருவது, அணுக்கள் அதில் கொஞ்சமே. இதையெல்லாம் அந்தச் சந்தியில் வைத்துத்தானே சொல்ல வேண்டும்? கடைக்காரருக்கு இரண்டு மெயில் அனுப்பினேன், பதில் இல்லை. சிவப்பு மார்க்கரால் நானே ஒரு கோடு போட்டுக்கொண்டேன்.

மூன்று நட்சத்திரம் கொடுக்கிறேன். வாங்குகிறவர்கள் ஒரு கம்பளி நூலுண்டையும் சேர்த்து வாங்குங்கள்.